இடது கைக் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கு விவரம் முழுவதும் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில் சிக்கி என் கணவரின் வலது கை மணிக்கட்டோடு போனது. "எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்ட் ஆள்" என்றது கம்பெனி. அப்புறம், கை போனால் சட்டத்தின் அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 60 சதவீத இழப்புதான் என்றது. உங்கள் உத்தரவை எதிர்த்துக் கம்பெனி அப்பீல் போனது; உயர் நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. காண்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும், 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி வேலை வாங்கியவரே பொறுப்பு என்றது. பிரஸ் ஓட்டிப் பிழைத்தவருக்குக் கை போனால் பிழைப்பே போனதுதான் என்றது. இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டதாக எங்கள் வக்கீல் சொன்னார்.

தொகையைக் கட்டாமல் கம்பெனி அப்பீல் போக முடியாது என்பது சட்டம். அதனால் பணம் அன்றைக்கே உங்களிடம் வந்துவிட்டது. அப்பீல் தள்ளுபடியாகி ஏழு மாதம் ஆகிறது. தயவுசெய்து அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

போன மாதம் பணம் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவை வாங்கிய எழுத்தர், பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து ஒத்துப்போகவில்லை, பழைய மாதிரியே போட்டு வாங்க" என்றார். பழைய கையெழுத்து வலது கையால் போட்டது. அந்தக் கை போனதற்குத்தானே இந்த மனு? கைநாட்டு வைக்கிறோம் என்றோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் வைக்கக் கூடாதாம். அன்று ராத்திரி என் கணவர் மகளின் நாலு கோடு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாள் நகராமல் இருக்க மொட்டைக் கையால் அழுத்திக்கொண்டு, பெயரை எழுத்து எழுத்தாக வரைந்தார். கடைசியில் அடியில் இழுக்கும் வளைவுக் கோடு மட்டும் வரவே இல்லை. நாலு பக்கம் எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தார். என்னோடு பேசவில்லை.

ஐயா, முதலாளி இழப்பீடு கொடுக்க ஒரு மாதம் தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, காரணமில்லாமல் இழுத்தால் 50 சதவீதம் வரை அபராதம். இழப்பீட்டு மனுவை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அதே சட்டம் உங்களுக்கும் சொன்னது. எங்களுக்கு நாலு வருஷம் ஆனது. சரி, பொறுத்துக்கொண்டோம். ஆனால் ஜெயித்த பிறகும் காத்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் வராண்டா பெஞ்சில் எங்களைப் போல எத்தனை பேர்! விரல் போனவர்கள், புருஷனைப் பறிகொடுத்தவர்கள். ஒவ்வொருவரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, "அடுத்த வாரம் வாங்க" என்பதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

கோபத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். அவருடைய இடது கைக் கையெழுத்தை ஏற்றுக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். வருகிற திங்கட்கிழமை டாக்டர் சான்றிதழோடும் ஆதாரோடும் இருவரும் வருகிறோம். உங்கள் முன்னாலேயே அவர் கையெழுத்துப் போடுவார். நீங்களே பார்த்துச் சான்று அளிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரஸ் தொழிலாளி ஒருவரின் மனைவி