தண்ணி வந்ததை யார் காட்டுறது?

சித்தூர்
(உன் கேரளா சித்தூர் இல்லை, ஆந்திரா)

மாப்ளே,

பதில் போடாததுக்கு நீ திட்டினதெல்லாம் வாங்கிக்கிட்டேன். இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். தபேலா மறுபடி கச்சேரியை விடப்போறேன்னு ஆரம்பிச்சுட்டானாமே, நம்பாதே. விஷயத்துக்கு வர்றேன்.

ஒத்திகை வீடியோ பார்த்தேன். ஆழியாறு தண்ணி வாய்க்கால்ல வர்றதை ஸ்கூல் பசங்களை வெச்சு இசை நாடகமாக்கத் தோணினதுக்கே உனக்கு ஒரு மாலை போடலாம். ஆனா பின்னாடி நிக்கிற 28 பேர்? "தண்ணி வருது"ன்னு அந்தப் பொண்ணு பாடினதும் 28 வாயும் ஒண்ணா ‘ஆ’ன்னு திறக்குது, 28 கையும் கன்னத்துக்குப் போகுது. பல் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குடா.

மேடையில தண்ணி கிடையாது. பாக்கிறவங்களுக்கு அது தெரியணும்னா இந்தக் கூட்டத்தோட கண்ணு வழியாத்தான் தெரியணும். நீ வாய்க்காலை மேடைத் தரையில வெச்சிருக்கே. எல்லாரும் குனியறாங்க, நமக்கு வகிடு மட்டும்தான் தெரியுது. வாய்க்காலைத் தூக்கி அரங்கத்துக்குள்ள போடு. அஞ்சாவது வரிசைத் தலைகளுக்கு மேல, பசங்களோட இடதுபக்கம் ஆரம்பிச்சு வலதுபக்கம் வரை ஒரு கோடு. ஒத்திகையில அந்த வரிசையில 4 நாற்காலி முதுகுல சிவப்பு ரிப்பன் கட்டு. ரெண்டு அட்சரத்துக்கு, அதாவது ரெண்டு தாள எண்ணிக்கைக்கு, ஒரு ரிப்பனைத் தண்ணி தாண்டட்டும். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், எட்டு அட்சரத்து ஒரு சுத்து, முடியறப்போ வாய்க்கால் நிறைஞ்சிருக்கும், 28 முகமும் நிமிர்ந்திருக்கும்.

நிஜத்துல ஒண்ணைப் பார்த்து அசந்துபோறவனுக்குக் கண்ணுதான் முதல்ல போகும். அப்புறம் மூச்சு நிக்கும், தலை திரும்பும், தோள் வரும், கை கடைசி. உன் பசங்க கையில ஆரம்பிச்சுக் கண்ணுல முடிக்கிறாங்க. அதான் பொய்யாத் தெரியுது. கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு முழுப் பாட்டையும் ஒரு தடவை ஓடச் சொல்லு. தண்ணி தெரிஞ்சா கையை அவிழ்த்துவிடு. தெரியலைன்னா இன்னும் ஒரு தடவை.

28 பேருக்கும் நீயே சைகை காட்டாதே. அஞ்சு கும்பலாப் பிரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைவன். பாட்டுல எந்த வார்த்தைக்குத் திரும்பணும்னு அவனுக்கு மட்டும் சொல்லு. மத்தவங்க அவனைப் பார்த்துத் திரும்பட்டும். அந்தச் சின்ன இடைவெளி தானா வந்துடும், எண்ணிக்கை சொல்லிக் கொடுத்தா வராது. உனக்கு வெள்ளைக்காரன் சாட்சி வேணுமே: ஜெர்மனியில மைனிங்கன் கோமகனோட நாடகக் குழு 1874ல பெர்லினுக்கு வந்து பேர் வாங்கினது பெரும்பாலும் இந்தக் கூட்ட வேலைக்குத்தான். கும்பலுக்கு ஒரு தேர்ந்த நடிகர் தலைவர். பக்கத்துல பக்கத்துல ரெண்டு பேர் ஒரே மாதிரி நிக்கக்கூடாது.

அவ்வளவு தூரம் எதுக்கு? எங்க பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவுல அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம் ஏறுறப்போ மரத்தை விட்டுட்டுக் கூட்டத்தைப் பாரு. அவர் மேலேருந்து வீசுற எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்தின பொம்பளைங்க கண்ணு உச்சியில. ஒரு கிழவர் ஏறுறவன் பாதத்தையே பார்ப்பார். பலூன்காரன் யார் பாக்கெட்ல காசு இருக்குன்னு பார்ப்பான். எல்லாருக்கும் ஒரே மரம்தான், வேணுங்கிறது வேற வேற. உன் பசங்ககிட்டயும் "ஆச்சரியப்படு"ன்னு சொல்லாதே. உனக்கு எத்தனை ஏக்கர், நெல்லா தென்னையா, தண்ணி வரலைன்னா என்ன போகும்னு கேளு. துணி துவைக்க வந்தவளும் ஒருத்தி இருக்கட்டும்.

அப்புறம் எப்போ அசையறது? பல்லவி ரெண்டாவது தடவை வர்றப்பவும் இடையில வாத்தியம் மட்டும் வாசிக்கிறப்பவும் தாராளமா. சரணத்துல கண்ணு மட்டும். பின்னால ஒருத்தன் துண்டை உதறினா எல்லாப் பார்வையும் அங்க போயிடும், பாடுறவ வார்த்தை வீணாப்போகும். கூட்டமும் சேர்ந்து பாடுற இடத்துல கையைத் தூக்கிக்கிட்டே உச்ச ஸ்வரத்துக்குப் போகவிடாதே. தோள் ஏறும், மூச்சு மேலயே நிக்கும், சுருதி போகும். முந்தின ஓய்விலேயே கை ஏறி நின்னுடணும். தூக்கினா அக்குள்ல காத்து போகணும், முழங்கையை விலாவுல ஒட்டிக்கிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டுறது பாதி அரங்கத்துக்குத் தெரியாது. பார்வையாளர் பக்கத்துக் கை முகத்தை மறைக்கும், மறுபக்கத்துக் கையை நீட்டச் சொல்லு.

ஒத்திகை ஏற ஏற இன்னொரு வியாதி வரும்: பாடுறதுக்கு முன்னாடியே திரும்புவாங்க. அதட்டினா போகாது. பாடுறவகிட்ட ரகசியமா நிறுத்தத்தை ஒருநாள் நீட்டச் சொல்லு, ஒருநாள் குறைக்கச் சொல்லு. காது தன்னால வேலை செய்யும்.

ஒண்ணு மட்டும் வேடிக்கையில்லாமச் சொல்றேன். கடைசி வரிசையில வலது ஓரம், நீல தாவணிப் பொண்ணு. எல்லாரும் குதிக்கிறப்போ அவ குதிக்கலை. தண்ணி வர்ற பக்கம் ஒரு தடவை, போற பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு நிக்கிறா. நீ அவளைத் திட்டுறது வீடியோவுல கேக்குது. திட்டாதே, மாப்ளே. அவ கடைமடைக்காரி. மணக்கடவு அணைக்கட்டுல கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) தண்ணின்னு தமிழ்நாடு-கேரளா 1970 ஒப்பந்தம் சொல்லலாம். தன் வயல் வரைக்கும் எது வரும்ங்கிற கணக்கு அவ முகத்துல ஓடுது. அவளை மூணு அடி முன்னால கொண்டுவா. அவளைச் சுத்தி ஒரு ஆள் அளவு இடம் காலியா விடு. வேற எதுவும் சொல்லிக் கொடுக்காதே.

தொடையைத் தட்டுறதை எடுத்துடு, தொங்குற மைக் அதைத்தான் முதல்ல வாங்கும். மேடை ஆழம் எத்தனை அடி, சைடு திரை எத்தனைன்னு எழுது. அஞ்சு கும்பலும் எங்க நிக்கணும்னு வரைஞ்சு அனுப்புறேன். இந்தத் தடவை முகவரியில மாநிலத்தையும் சேர்த்து எழுது, போஸ்ட்மேன் பாவம்.

உன்
மாப்ளே