இருக்கை மாற்றித் தந்த அம்மாவுக்கு நன்றி

ஜப்பானியப் பட வரிசையின் மூன்றாம் நாள், ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’. 1953இல் வந்த படம், 136 நிமிடம். முன்னால் இருந்தவரின் தலை சரியாக சப்டைட்டிலை மறைத்தது. நன்றி சொல்லும் ‘அரிகாதோ’வைத் தாண்டி எனக்கு ஜப்பானிய மொழியில் ஒன்றும் தெரியாது. கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த அம்மா மடியிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். “நீங்க இங்க வாங்க, நான் இதை நாலு தடவை பார்த்தாச்சு” என்று கிசுகிசுத்தார். மீதிப் படம் முழுக்க அந்தத் தலைக்குப் பின்னால் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வரும்போது, “கேமரா எங்க இருந்துச்சுன்னு கவனிச்சீங்களா?” என்றார். சத்தியமாக இல்லை. பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் கீழே, பெரும்பாலும் அசையாமல் இருக்குமாம். அப்புறம் பார்த்த ஓசு படங்களில் நான் முதலில் தேடியது அதைத்தான். ஓசுவின் கல்லறையில் பெயர்கூட இல்லை, ‘இன்மை’ என்று பொருள்படும் ‘மு’ என்ற ஒற்றை எழுத்துதான் என்பதும் இந்த அம்மா சொல்லித் தெரிந்ததே.

பேச்சு சுவாரசியத்தில் உங்கள் பெயரைக் கேட்கவே இல்லை. ரொம்ப நன்றி அம்மா.