இடுப்பு முறிவு: ஆபரேஷனுக்குப் பின் படுக்க வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பெரியவர்களுக்கு ஆபரேஷன் நல்லபடியாகவே முடிகிறது. வீட்டுக்கு வந்ததும், "எலும்பு கூடட்டும், மூன்று மாதம் அசையக் கூடாது" என்று கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பலரை நிரந்தரமாக முடக்கிப் போடுவது அந்த மூன்று மாதம்தான்.

இடுப்பு முறிவு என்பது தொடை எலும்பின் மேல்முனை முறிவதுதான். அதன் உருண்டைத் தலைக்குக் கீழே உள்ள கழுத்து முறிந்து விலகினால் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் கெட்டுவிடும். அதனால்தான் வயதானவர்களுக்கு அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகத்தில் வைக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ராடு அல்லது பிளேட், ஸ்குரு. எதைப் பொருத்தினாலும், மறுநாளே எழுப்பி நிறுத்த முடிய வேண்டும் என்பதுதான் நோக்கம். படுத்தே கிடந்தால் தொடைத் தசை கரையும், நெஞ்சில் சளி கட்டும், குதிகாலிலும் முதுகின் அடியிலும் புண் வரும், காலில் ரத்தம் உறையும். இளவயதினருக்குக் கழுத்து முறிவில் ஸ்குரு மட்டும் போட்டிருந்தால் சில வாரம் எடை ஊன்றக் கூடாது என்பார்கள். ஆகவே காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் கேட்டு, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் படுக்கையிலேயே செய்யக்கூடியவை: பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலைக் கட்டிலில் அழுத்தி 5 விநாடி தொடையை இறுக்குவது, பிட்டத்தை இறுக்கி விடுவது, குதிகாலை உரசியபடி காலை மடக்கி நீட்டுவது. ஒவ்வொன்றும் 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. வலி மாத்திரை போட்டு அரை மணி, முக்கால் மணி கழித்துச் செய்ய வைத்தால் ஒத்துழைப்பார்கள். வலியோடு இழுத்துச் செய்ய வைத்தால் மறுநாள் கிட்டவே விடமாட்டார்கள்.

வாக்கரில்தான் தவறு அதிகம். கையைத் தொங்கவிட்டு நின்றால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். தாழ்வாக இருந்தால் கூன் போட்டு நடப்பார்கள். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுக்கக் கூடாது, கவிழ்ந்துவிடும். நாற்காலிக் கையை அழுத்தி எழுந்த பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். முதலில் வாக்கர், அடுத்து அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால். வாக்கரின் நான்கு காலும் தரையில் படிந்த பிறகே அடி எடுக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

தடிக்கு மாறியதும் அதை அடிபட்ட பக்கமே பிடிப்பவர்கள் அநேகம். எதிர்ப்பக்கக் கையில் பிடித்தால்தான் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குச் சுமை குறையும். அந்தத் தசை தேறாவிட்டால் எலும்பு கூடிய பிறகும் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார்கள். அதற்கான பயிற்சி: சமையல் மேடையைப் பிடித்து நேராக நின்று, அடிபட்ட காலை ஒரு சாண் அளவு பக்கவாட்டில் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குவது. கால் விரல்கள் முன்னோக்கியே இருக்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினாலோ உடம்பு மறுபக்கம் சாய்ந்தாலோ வேறு தசைதான் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

உலோகத் தலை வைத்து மூட்டு மாற்றியவர்கள், மருத்துவர் சொல்லும் வரை தரையில் சம்மணமிடுவது, குந்துவது, கால் மேல் கால் போடுவது எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும், மூட்டு நழுவிவிடும். உட்காரும் இடம் முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டில், நடுவில் ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதன் மேல் போட்டாலே போதும்.

சாப்பாட்டில் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் போதாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஒரு தடவை முறிந்தவருக்கு மறுபடியும் முறியும் ஆபத்து அதிகம் என்பதால், எலும்பு மெலிவுக்கான மருந்தையும் கேட்டுத் தொடங்குங்கள். கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், காயத்தில் சீழ், கால் திடீரென்று குட்டையாவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபியும் அடக்கம். நோயாளியை அனுப்பும் அன்றைக்கே அந்த வட்டாரப் பிசியோதெரபிஸ்டுக்குத் தகவல் போகும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ஊன்றக்கூடிய எடை, தவிர்க்க வேண்டிய நிலைகள், அவற்றை எத்தனை வாரம் தவிர்க்க வேண்டும் என்பவற்றை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதித் தருவதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட், மதுரை