முதல் வில்லுக்கு எந்த மரம்? ஒஹாயோவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய யூ மரக் கட்டையின் விலையைப் பார்த்தேன். வேண்டாம்ப்பா. இங்கிலாந்தின் நீள்வில்லுக்குப் பேர் வாங்கித் தந்த மரம்தான். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்களும் யூதான். ஆனால் அதில் சின்னச் சின்னக் கணுக்கள் நிறைய வரும். ஒவ்வொன்றையும் சுற்றி மரத்தைக் கூட்டி விட்டுச் செதுக்கக் கை பழகியிருக்க வேண்டும். ஓசேஜ் ஆரஞ்சும் இப்போது வேண்டாம். டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து அருமையான வில் மரம் அது. ஆனால் பிளந்த கட்டையில் முதுகுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்காத பக்கம், ஒரே ஆண்டு வளையத்தை முனைக்கு முனை விடாமல் தொடர்ந்து செதுக்க வேண்டும். ஓரிடத்தில் கத்தி அடுத்த வளையத்துக்குள் இறங்கினாலும் வில் அங்கேதான் ஒடியும்.

உன் ஊர்க் கடையில் கிடைக்கும் ரெட் ஓக் பலகை உனக்குப் போதும். ‘ஒன் பை டூ’ என்று விற்பார்கள். அளந்தால் முக்கால் அங்குலக் கனம், ஒன்றரை அங்குல அகலம்தான் இருக்கும். 6 அடி நீளத்தில் வாங்கு. ஹிக்கரி கிடைத்தால் இன்னும் நல்லது, இழுப்பை அப்படித் தாங்கும். ஒரே குறை, காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் குடிக்கும். கோடைப் புழுக்கத்தில் அம்பின் வேகம் குறைந்துபோகும். மேப்பிளும் நல்ல மரம்தான், ஆனால் ரேகை, அதாவது நார் ஓடும் கோடு, கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. பைன், பாப்லர் பக்கம் போகவே போகாதே.

எந்த மரம் என்பதைவிட எந்தப் பலகை என்பதுதான் பெரிய விஷயம். வில்லை இழுக்கும்போது உன்னைப் பார்க்கும் பக்கம் வயிறு, எதிர்ப்பக்கம் முதுகு. வயிறு நசுங்கும், முதுகு இழுபடும். முதுகில் நார் முனைவரை ஓடினால் இழுப்பு முழு நீளத்துக்கும் பரவும். பாதி வழியில் ஓரத்துக்குப் போய் அறுபட்டால் அந்த இடத்தில் சிராய் கிளம்பும். சிராய் கிளம்பிய வில் பெரும்பாலும் அதே இடத்தில்தான் போகும்.

கடையில் பலகையின் தட்டை முகத்தை முதலில் பார். கூம்பு கூம்பாக வளைவுகள் தெரிந்தால் திருப்பி வைத்துவிடு. ரேகை அங்கே மேலெழுந்து அறுபடுகிறது என்று அர்த்தம். கோடுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக ஓட வேண்டும். அப்புறம் பலகையைத் திருப்பி முக்கால் அங்குல விளிம்பைப் பார். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. முகம் அழகாக இருந்தும், விளிம்பில் கோடு வயிற்றிலிருந்து முதுகுக்குச் சரிவாக ஏறினால் அந்தப் பலகை ஆகாது. வெட்டு முனையில் வளையங்கள் படுத்திருக்கலாம், நிற்கலாம், சாய்ந்தும் இருக்கலாம். நீளவாக்கில் நேராக இருக்கும்வரை எதுவானாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இதைக் கண்ணருகே வைத்துத்தான் பார்க்க முடியும். வளையங்கள் படுத்திருக்கும் ரெட் ஓக் பலகையின் முகத்தில், பென்சிலால் கிழித்ததுபோல் அரை அங்குல, முக்கால் அங்குலக் கருங்கீற்றுகள் இருக்கும். நார் ஓடும் திசையைச் சொல்வது அவைதான். பெரிய கோடுகள் நேராக இருந்து இந்தக் கீற்றுகள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், மரம் முறுகி வளர்ந்திருக்கிறது. விட்டுவிடு.

நேரான பலகை இரண்டு அகப்பட்டால் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடு. ஓக் மரத்தில் வசந்தத்தில் வளரும் பகுதி துளை துளையாக இருக்கும், கோடையில் வளர்வது கெட்டியாக இருக்கும். வளையம் அகலமாக இருந்தால் கெட்டிப் பகுதி கூடுதல். நெருக்கமான வளையம்தான் உறுதி என்று யாராவது சொன்னால் ஓக் விஷயத்தில் நம்பாதே. கணு, அது கடுகளவு இருந்தாலும், முதல் வில்லில் வேண்டாம். அடுக்கு முழுக்கப் புரட்டியும் ஒன்றுகூடத் தேறாமல் போகலாம். வெறுங்கையோடு வந்துவிடு, அடுத்த லோடு வரட்டும்.

வாங்கியதும் செதுக்கத் தொடங்காதே. கேரேஜில் போடாமல் வீட்டுக்குள், ஹீட்டருக்குத் தள்ளி, தரையில் படாமல் வை. அறையில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் மரம் 8, 9 சதவீத ஈரத்தில் வந்து நிற்கும். சமையலறைத் தராசில் இரண்டு நாளைக்கொரு தடவை நிறுத்துப் பார். எடை மாறாமல் நின்றதும் வேலையைத் தொடங்கு. ஈர மரத்தில் செய்த வில் ஒடியாது, ஆனால் நாணை அவிழ்த்த பிறகும் வளைந்தே கிடக்கும். அந்த வளைவு திரும்பாது.

நீளம் 68 அங்குலம் வை. 28 அங்குலம் இழுக்க அது தாராளம்; குட்டையாக வெட்டினால் அதே மரம் அதிகமாக வளைய வேண்டியிருக்கும். கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் வளையும் தண்டில் பாதிவரை ஒன்றரை அங்குல அகலத்தை அப்படியே விட்டு, அங்கிருந்து முனைக்கு அரை அங்குலமாகக் குறை. கைப்பிடியில் முக்கால் அங்குலம் போதாது, 8 அங்குலத் துண்டு ஒன்றை வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொள். நாணை முழுக்க இழுக்கத் தேவைப்படும் விசை 35 பவுண்டுக்கு மேல் போக ஆசைப்படாதே. தண்டின் தடிமனைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வில்லின் விறைப்பு கால் பங்குக்கு மேல் இறங்கிவிடும். அதனால் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுரண்ட வேண்டும். முதுகில் அரம் படவே கூடாது.

முதுகில் லினன் துணி ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஒட்டு, மரப்பசையே போதும். சிராய் கிளம்பாமல் அழுத்திப் பிடிக்கும். ரேகை கெட்ட பலகையை மட்டும் அது காப்பாற்றாது.

பலகை கிடைத்ததும் முகம், இரண்டு விளிம்பு, இரண்டு முனை என ஐந்து படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை ரம்பத்தைத் தொடாதே.

அம்மா