தலைமையாசிரியர் கடிதம்: பிளஸ் 1 குரூப் தேர்வும் கணக்குப் பாடமும்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்து பள்ளி மீண்டும் களைகட்டிவிட்டது. இந்தப் பருவத்தில் கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பரிசுகளோடு வந்தார்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நல்லபடியாக நடந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவின் முயற்சியால் குடிநீர்த் தொட்டி சீரமைக்கப்பட்டது. உழைத்த மாணவர்கள், ஆசிரியர்கள் அனைவருக்கும் பாராட்டுகள்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர்களிடமும், அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு வரப்போகும் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர்களிடமும் ஒரு விஷயத்தை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பிளஸ் 1-இல் எந்த குரூப், அதில் கணக்கு வேண்டுமா வேண்டாமா என்பதுதான் அது.

சென்ற ஜூன் சேர்க்கையில் பலர் விருப்பப் படிவத்தில் மூன்று கட்டங்களிலும், கணக்கும் அறிவியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் என்றே எழுதித் தந்தீர்கள். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்ததும் அவர்களில் சிலர் வந்து, "பையனுக்கு கணக்கு ஏறல, காமர்ஸுக்கு மாத்திக் குடுங்க" என்றீர்கள். உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குள் காமர்ஸ் வகுப்பில் கணக்குப்பதிவியலில் குறிப்பேடு, பேரேடு எல்லாம் தாண்டி இருப்பாய்வுக்குப் போயிருப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டும் பாடம் அது. பற்று எது, வரவு எது என்றே தெரியாத பிள்ளையை நடுவில் உட்கார வைத்தால், கணக்கில் பட்ட பாட்டையே அங்கேயும் படும். எமிஸ் எனும் மாணவர் விவர இணையதளப் பதிவு, பாடநூல் வழங்கல் எல்லாம் குரூப் வாரியாக முடிந்துவிட்ட பிறகு மாற்றுவதில் அலுவலகச் சிக்கலும் உண்டு. ஆனாலும் எனக்குப் பெரிய கவலை பிள்ளை இழக்கும் அந்த மூன்று மாதம்தான்.

இந்தச் சிக்கலின் வேர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணில் 10, ஐந்து மதிப்பெண்ணில் 10 எழுத வேண்டும். கடைசியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்து, வட்டத்துக்குத் தொடுகோடும் இருபடிச் சமன்பாட்டின் வரைபடமும் பழகிவிட்டால் 30 மதிப்பெண் வரை கைக்கு வரும். திரும்பத் திரும்பக் கேட்கும் சில கேள்விகளையும் சேர்த்தால் 60 கூட வரலாம். அந்த 60 பத்தாம் வகுப்பைத் தாண்டப் போதும். பிளஸ் 1 கணக்குக்கு அது எதையும் சொல்லாது, ஏனென்றால் அங்கே தேவைப்படும் இயற்கணிதமும் முக்கோணவியலும் மீதி 40-இல்தான் ஒளிந்திருக்கின்றன.

அதனால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அரையாண்டு விடைத்தாளைப் பாருங்கள். இயற்கணிதம், முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல் ஆகிய மூன்றிலும் வந்த ஐந்து மதிப்பெண் கேள்விகளைப் பிள்ளை தொட்டிருக்கிறதா, தொட்டதில் பாதிக்கு மேல் முழுமையாக முடித்திருக்கிறதா என்று பாருங்கள். முடித்திருந்தால், மொத்தம் 65-ஆக இருந்தாலும் கணக்கு குரூப்புக்குத் தைரியமாக அனுப்பலாம் என்பது என் கருத்து. மூன்றையும் விட்டுவிட்டு 75 எடுத்திருந்தால் யோசிக்க வேண்டும்.

நீங்களே வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. மேலே எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9, கீழே எக்ஸ் மைனஸ் 3 என்று எழுதி, சுருக்கச் சொல்லுங்கள். மேலே உள்ளதை எக்ஸ் பிளஸ் 3, எக்ஸ் மைனஸ் 3 என்று காரணியாகப் பிரித்து, கீழே இருக்கும் எக்ஸ் மைனஸ் 3-ஐ அடித்துவிட்டு எக்ஸ் பிளஸ் 3 என்று எழுதுவது சரியான முறை. சில பிள்ளைகள் எக்ஸ் ஸ்கொயரை எக்ஸால் அடிப்பார்கள், மைனஸ் 9-ஐ மைனஸ் 3-ஆல் அடிப்பார்கள். அவர்களுக்கும் எக்ஸ் பிளஸ் 3 என்றே விடை வரும்! முறை முழுக்கத் தவறு, விடை சரி. ஒரு மதிப்பெண் கேள்வியில் இதற்கு முழு மதிப்பெண் விழுந்துவிடும். அடுத்ததாக மேலே எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9, கீழே எக்ஸ் பிளஸ் 3 கொடுங்கள். இதைச் சுருக்கவே முடியாது. அப்போதும் பிள்ளை எக்ஸ் பிளஸ் 3 என்று எழுதினால், காரணிப்படுத்துதல் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். பிளஸ் 1 இரண்டாம் தொகுதியில் 'எல்லைகள்' என்று ஒரு பாடம் வருகிறது. எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது நாம் முதலில் எழுதிய பின்னம் எதை நெருங்கும் என்பது அங்கே வரும் கேள்வி, விடை 6. காரணிப்படுத்தத் தெரியாத பிள்ளை அந்த வாசலிலேயே நின்றுவிடும். அதற்குப் பின்னால் வரும் வகையிடல், தொகையிடல் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

பிளஸ் 1 கணக்கில் மொத்தம் 12 பாடங்கள். முதல் சறுக்கல் எல்லைகள் வரைக்கும் காத்திருப்பதில்லை, மூன்றாவது பாடமான முக்கோணவியலிலேயே வருகிறது. பத்தாம் வகுப்பில் 0 முதல் 90 பாகை வரையிலான அட்டவணையும் மூன்று முற்றொருமைகளும் போதும். இங்கே ரேடியன், கூட்டுக் கோணம், மடங்குக் கோணம், துணை மடங்குக் கோணம் என்று சூத்திரங்கள் ஒரு பக்கம் நிறைய வரும். அவற்றை மனப்பாடம் செய்பவர்கள் குழம்புவார்கள், ஒன்றிலிருந்து ஒன்றை வருவிக்கத் தெரிந்தவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

இனி குரூப்புகளைப் பற்றி. கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த பயோ-மேத்ஸ் குரூப்பைப் பலர் கேட்பதற்குக் காரணம், டாக்டருக்கும் வழி, இன்ஜினியருக்கும் வழி என்பதுதான். உண்மைதான். ஆனால் நீட் தேர்வில் கணக்கு கிடையாது, பொறியியல் கலந்தாய்வில் உயிரியல் மதிப்பெண்ணைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டு மொழிப்பாடங்களோடு நான்கு கனமான பாடங்களைச் சுமக்கத் தெம்பிருக்கும் பிள்ளைக்கு மட்டுமே இது நல்ல குரூப். பொறியியல்தான் ஆசை என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் போதும். சி.எம்.சி. மருத்துவமனை வாசலைத் தினமும் பார்த்து வளரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நர்சிங் ஆசை இருப்பது இயல்பு. அதற்குக் கணக்கே தேவையில்லை, உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் உள்ள ப்யூர் சயின்ஸ் போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கணக்கை விட்டாலும் இயற்பியல் பாடத்தில் வெக்டரும் கொஞ்சம் நுண்கணிதமும் வரும். ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு அதைத் தனியாகச் சொல்லித் தர இயற்பியல் ஆசிரியர் ஏற்பாடு செய்திருக்கிறார்.

காமர்ஸில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுக்கலாம், கணினிப் பயன்பாடுகளும் எடுக்கலாம். "வணிகக் கணிதம் லேசு" என்று நினைத்து எடுக்காதீர்கள். அதிலும் அணிகள், முக்கோணவியல், வகைநுண்கணிதம் எல்லாம் உண்டு, கூடவே நிதிக் கணிதமும் ஒட்டுறவும் உண்டு. பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வான சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுத நினைக்கும் பிள்ளைக்கு இது பெரிய துணை, ஏனென்றால் அதன் நான்கு தாள்களில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் சேர்ந்தது. பி.காம். மட்டும் போதும் என்றால் கணினிப் பயன்பாடுகளே நிம்மதி.

பிளஸ் 2-வில் கணக்கு இல்லாவிட்டால் மூடிவிடும் கதவுகளையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பி.இ. கலந்தாய்வு, கட்டடக்கலை, பி.எஸ்சி. கணிதம், தேசியப் பாதுகாப்பு அகாடமியின் விமானப்படை, கடற்படைப் பிரிவுகள் ஆகியவற்றுக்கு அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 போன்றவற்றுக்கு வேண்டியதில்லை. அதில் 200 கேள்விகளில் 25 மட்டுமே திறனறிவு, அதுவும் பத்தாம் வகுப்புத் தரத்தில் இருக்கும். பிளஸ் 1 கணக்கு சரிப்படாது, ஆனால் இன்ஜினியர் ஆசை விடவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்ததும் வேலூர் தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக் போன்ற இடத்தில் மூன்று ஆண்டு டிப்ளமோ படித்துவிட்டு, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டறை வேலையோடு சேர்ந்து வரும் கணக்கு சில பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிக்கும். பாலிடெக்னிக் என்றால் மட்டம் என்ற எண்ணத்தை நம் ஊரில் நாம் விட்டாக வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிடுவார்கள். கணக்கு மதிப்பெண் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக. கணக்கில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 86 எடுத்தவருக்கு 80, 45, 43 சேர்ந்து 168. கணக்கில் 60, மற்ற இரண்டிலும் 98 எடுத்தவருக்கு 60, 49, 49 சேர்ந்து 158. இருவருக்கும் மூன்று பாடக் கூட்டல் 256-தான். ஆனால் தரவரிசையில் 10 கட்-ஆஃப் இடைவெளி! பாகாயம் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரியில் நல்ல பிரிவு வேண்டும் என்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

2025-26 முதல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு இல்லை. இதைக் கேட்டு, "முதல் வருஷம் லேசா விடலாம்" என்று யாரும் நினைக்க வேண்டாம். பிளஸ் 2 கணக்கில் அணிகளின் பயன்பாடு, வெக்டரின் பயன்பாடு, வகைநுண்கணிதத்தின் பயன்பாடு என்றுதான் பாடத் தலைப்புகளே இருக்கின்றன. பிளஸ் 1-இல் கற்காததைப் பிளஸ் 2-வில் பயன்படுத்த முடியாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியவை. வரும் கல்வியாண்டில் வகுப்பு தொடங்கி மூன்று வாரத்துக்குள் மட்டுமே குரூப் மாற்றம் பரிசீலிக்கப்படும். அதன் பிறகு கிடையாது. யாருடைய பரிந்துரைக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். பாடம் நடக்கும்போது வகுப்புக்குள் வந்து கணக்கு ஆசிரியரிடம் சத்தம் போடுவதை இனி அனுமதிக்க மாட்டேன். மற்ற பிள்ளைகளின் முன்னால் நடக்கும் அந்தச் சண்டையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளைதான். கேட்ட குரூப் கிடைக்கவில்லை என்று டி.சி. வாங்கித் தனியார் பள்ளிக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அதில் பொறியியல் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இரண்டு ஆண்டுக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. கணக்கில் நன்றாகப் போடும் பெண் பிள்ளையை, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கணக்கு" என்று வேறு குரூப்புக்குத் தள்ளாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு எந்த குரூப் விருப்பம் என்று அதன் வாயால் கேட்ட பிறகுதான் படிவத்தில் கையெழுத்து வாங்குவேன்.

பள்ளி தரப்பில் செய்யப் போவது இது. பொதுத்தேர்வு முடிந்த ஒரு வாரத்தில், கணக்கு குரூப் விரும்பும் பிள்ளைகளுக்குக் காலை 8 முதல் 10 வரை இணைப்பு வகுப்பு தொடங்கும். வேலூர் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுவோம். முதலில் காரணிப்படுத்தல், இயற்கணிதப் பின்னங்கள், அடுத்து அடுக்குகளும் விகிதமுறா மூலங்களும், பிறகு முக்கோணவியல் முற்றொருமைகள், கடைசியில் நேர்கோட்டின் சாய்வு. ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களே போதும், கைடு வாங்க வேண்டாம். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, தினமும் பத்துக் கணக்குகளைப் பிள்ளை விடைப் பக்கத்தைப் பார்க்காமல் போடுகிறதா என்று கவனிப்பது மட்டும்தான். உங்களுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடித்துத் திருத்தி எழுதிய பக்கம் இருந்தால் சந்தோஷப்படுங்கள், அடித்தலே இல்லாத பக்கம் பெரும்பாலும் பார்த்து எழுதியது.

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். ஷூ கம்பெனி, தோல் ஷாப் வேலை முடித்து வருபவர்களுக்காக அன்று மாலை 6 மணிக்கும் இன்னொரு முறை நடத்துகிறோம். பிள்ளையையும் அரையாண்டுக் கணக்கு விடைத்தாளையும் கண்டிப்பாக உடன் அழைத்து வாருங்கள், எடுத்து வாருங்கள். கணக்கு ஆசிரியர்கள் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்து, மனதில் பட்டதை மறைக்காமல் சொல்வார்கள். முடிவு உங்களுடையதும் பிள்ளையுடையதும்தான்.

அணைக்கட்டிலிருந்தும் ஒடுகத்தூரிலிருந்தும் இரண்டு பஸ் மாறிப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள், அரைநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டங்களுக்கு வருகிறீர்கள். பிள்ளை நம்மைவிட நல்லா இருக்கணும் என்ற எண்ணத்தில்தான் ஃபர்ஸ்ட் குரூப் கேட்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பள்ளியின் மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு மனமார்ந்த நன்றி. கூட்டத்தில் சந்திப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி, வேலூர் மாவட்டம்