அந்தப் பாரை பன்னிரண்டு கிலோ இல்லை, மச்சான்

மச்சான்,

கனடாவில், ஸ்காபரோவில் யாருடையதோ பிறந்தநாள் விழாவில் நீ பெரிய கதை விட்டாயாம். திருகோணமலைக் கடலில் தனி ஆளாக நின்று பன்னிரண்டு கிலோப் பாரை மீனை இழுத்து ஏற்றினாயாம். என் பெரியம்மாவின் மகள் அந்த மேசையில்தான் இருந்திருக்கிறாள். அன்றிரவே எனக்குக் குரல் பதிவு வந்துவிட்டது. தனியாக அழைத்துப் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ ஊர் கூட்டிச் சொன்னதை நானும் ஊர் கூட்டித்தானே மறுக்க வேண்டும்?

முதலில் எடை. கரையில் தராசில் போட்டபோது 6.4 கிலோ. நீயும் பக்கத்தில்தான் நின்றாய். கடல் தாண்டினால் பாரை வளரும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

நீ எப்போதும் மார்கழி லீவுக்குத்தான் வருவாய். அப்போது இங்கே வாடைக்காற்று, கடல் கறுத்துப் புரளும், சின்னப் படகெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கும். "கடலுக்குப் போவமா?" என்று நீ கேட்பதும் நாங்கள் சிரிப்பதும் பத்து வருஷப் பழக்கம். இந்த முறை சித்திரை வருஷத்துக்கு வந்தபடியால்தான் வாய்த்தது. சித்திரை பிறந்தால் புரட்டாதி வரை எங்கள் பக்கம் கடல் பெரும்பாலும் குளம் மாதிரி. அதே மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக்காரர் படகோடு வந்து குச்சவெளிப் பக்கம் வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போடுவது அதனால்தான்.

குளம் மாதிரி என்று சொன்னேன். அந்தக் குளத்தில்தான் நீ கவிழ்ந்தாய்.

விடிய நாலரைக்குத் திருக்கடலூர்க் கரையில் இருந்தோம். நீ, நான், மாஸ்டர், வங்கிக்காரன், படகுக்கார அண்ணை. பதினெட்டு அடி பைபர் படகு. பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் எஞ்சின். மாற்றிய கையோடு அந்தப் புகை முகத்தில் அடிக்க, முழுக்கப் பெற்றோலிலேயே ஓட்டினால் என்ன என்று நீ கேட்டாய். அண்ணை பதில் சொல்லாமல் சிரித்தார், ஞாபகம் இருக்கிறதா? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது, இரண்டு மாதம் படகையே இறக்காமல் வீட்டில் இருந்த மனிதர் அவர்.

வலப்பக்கம் கோணேசர் மலை கறுப்பாக எழுந்து நின்றது. அண்ணை எஞ்சினைத் தணித்து, ஒரு கை கடல் தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்கள் அந்த மலையடிக் கடலுக்குள் கிடப்பதையும், 1956இல் மைக் வில்சன் சுழியோடிக் கண்டதையும் மாஸ்டர் வகுப்பெடுத்துக்கொண்டு வந்தார். நீ கேட்டிருக்க மாட்டாய். அப்போதே முகம் வெளிறி, பக்கத்துப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய்.

இடையில் ஒரு தரம் மட்டும் தலை நிமிர்ந்து, புறாத்தீவைச் சுற்றி மீன் கொட்டிக் கிடக்குதாம், அங்கே போவோம் என்றாய். அது 2003 முதல் தேசியப் பூங்கா, ராசா. அங்கே தூண்டில் போட்டால் மீனுக்கு முதல் நாங்கள்தான் பிடிபடுவோம்.

நீ பார்க்காமல் விட்டதில் எனக்கு உண்மையாகவே கவலை ஒன்றுதான். மீன் கூடும் கடலடிக் கல்லை, நாங்கள் பார் என்று சொல்வதை, அண்ணை தேடிய விதம். அவரிடம் ஜிபிஎஸ் இல்லை. தெற்கே பார்ப்பார், மேற்கே பார்ப்பார், திரும்பத் தெற்கே. மலை முனைக்குப் பின்னாலிருந்து ஒரு தொலைபேசிக் கோபுரம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மேற்கே, கரையிலுள்ள வெள்ளைக் கட்டடமொன்று கன்னியாப் பக்கத்து மலையின் மடிப்பை நோக்கி நகர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்திய இடத்தில் எஞ்சினை நிறுத்தினார். "கீழ கல்லு" என்றார். நங்கூரக் கயிறு இருபது பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஓடி, டக் என்று நின்றது. இன்னும் கிழக்கே போயிருந்தால் அந்தக் கயிறு எங்கேயும் நின்றிருக்காது. கொட்டியாரக் குடாவுக்குள்ளிருந்தே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, வெளியே போகப் போக ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்குகிறது. நீலத்திமிங்கிலம் எங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான்.

சரி, பாரைக்கு வருவோம்.

என்னிடம் இருந்தது தண்ணீர்ப் போத்திலில் சுற்றிய தங்கூசி நூல், ஈயம், ஒரு தூண்டில். இரை கணவாய்த் துண்டு. விரலுக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி உறை மாதிரி மாட்டியிருந்தேன். ஈயம் கல்லில் தட்டுவது விரலில் தெரியும். தட்டியதும் ஒரு பாகம் மேலே இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஏழு மணிக்குள் விளமீன் நாலு, உள்ளங்கை அளவில் ஒரு கலவாய். நீ கனடாவிலிருந்து காவி வந்த கார்பன் தடியில் சூடை மீன் ஒன்றைக் குத்திக் கடலில் விட்டாய், தடியைச் சாரத்தால் பலகையோடு கட்டினாய், பிறகு விளிம்பில் தொங்கிச் சத்தி எடுக்கத் தொடங்கினாய். மூன்று தரம். நான் எண்ணினேன். அதோடு கயிற்றுச் சுருளில் தலை வைத்துப் படுத்தவன்தான்.

விளமீன் கொத்தும். பாரை கொத்தாது, பிடுங்கும். போத்தில் கையிலிருந்து பறந்து படகுக்குள் உருண்டது. தங்கூசி டியூப்பையும் தாண்டி விரலில் இறங்கியது, தழும்பு இன்னும் இருக்கிறது. பாரை நேரே கல்லுக்குள்தான் ஓடும். ஓடி முருகைக்கல்லில் நூலை உரசி அறுத்துவிடும். "விடாத, விடாத!" என்று அண்ணை பாய்ந்து வந்து என் கையிலிருந்து வாங்கினார். அந்த நேரம் நீரோட்டத்தில் கிடந்த உன் நூல் என் நூலோடு பின்னிக்கொண்டது. தடி வளைந்ததைப் பார்த்து வங்கிக்காரன் உன் பெயரைச் சொல்லிக் கத்தினான். நீ தலையைத் தூக்கினாய், "என்ர மீன்" என்றாய், திரும்பப் படுத்தாய். உன் பங்களிப்பு அவ்வளவுதான்.

மீன் மேலே வந்து, படகுக்குள் கிடந்து உறுமியது. பாரை உறுமும் என்பதை அன்றுதான் கேட்டேன், பன்றிக்குட்டி மாதிரி. வாயின் ஓரத்தில் இருந்தது என் தூண்டில். கணவாயின் ஒரு நுனி இன்னும் அதில் ஒட்டியிருந்தது. உன் தூண்டிலில் சூடை குத்தியபடியே, கண்கூடக் கலங்காமல் இருந்தது.

ஆகவே தூண்டில் என்னுடையது. ஆனால் நியாயமாகச் சொன்னால் இழுத்த கை அண்ணையுடையது. கல்லுக்குள் போகாமல் திருப்ப எனக்குத் தெரிந்திருக்காது. உனக்குச் சாதகமாக ஒரே ஒரு சாட்சி உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மீனின் செவுளில் கத்தி வைத்து இரத்தம் வடியவிட்டுக்கொண்டே அண்ணை சொன்னார்: "அந்தத் தம்பி மூண்டு தரம் போட்ட இரைக்குத்தான் இது கிட்ட வந்தது." அந்தக் கணக்கில் பங்கு கேட்பதென்றால் கேள், தருகிறேன்.

கரைக்கு வந்து கால் மணலில் பட்டதும் உனக்கு உயிர் வந்துவிட்டது. மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாய். அந்தப் படம்தான் ஸ்காபரோ முழுக்கச் சுற்றுகிறது.

தலையை அண்ணை வீட்டுக்குக் கொடுத்தோம். மிச்சம் குழம்பாகியது. நீ மட்டும் பாணும் பிளேன்ரீயும் எடுத்துக்கொண்டு கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாய்.

இன்னொன்று. மீன் படகுக்குள் ஏறிய அந்த நிமிஷத்தில் மாஸ்டர் ஒரு படம் எடுத்திருக்கிறார். அண்ணை, நான், பாரை எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறோம். மூலையில் கயிற்றுச் சுருளுக்கு அங்கால் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிகின்றன. நகம் வெட்டாத பாதங்கள். பெரியம்மாவின் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னும் அனுப்பவில்லை.