கேபிளை எடுத்துவிட்டோம்

செம்பூர், மும்பை

அன்புள்ள கார்த்திக்,

வீட்டில் கேபிளை எடுத்துவிட்டோம். இனி மாதாமாதம் நீ போனிலிருந்து அதற்குப் பணம் கட்ட வேண்டாம். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வைத்துவிட்டேன். டிஷ், பாக்ஸ், வயர், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய், அதோடு சரி. மாதக் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. 2004லிருந்து அரசாங்கம் இதை நடத்துகிறது, நமக்குத்தான் இத்தனை வருடம் தோன்றவில்லை. பணம் என் பென்ஷனிலிருந்து கொடுத்தேன்.

டிஷ் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதற்குச் சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள் ஜிசாட்-15 நமக்குத் தென்கிழக்கே, நல்ல உயரத்தில் நிற்கிறது. அதனால் பக்கத்தில் எழும்பும் கட்டடம் மறைக்கவில்லை. வந்த பையன் சிக்னல் பிடிக்க ரொம்ப நேரம் திணறினான். நீ இருந்திருந்தால் நிமிடத்தில் முடித்திருப்பாய். பத்தாவது படிக்கும்போதே ரேடியோவைப் பிரித்துப் பூட்டியவன் நீ. இதை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

அம்மாவின் சீரியல் இதில் வராது. ஒரு வாரம் முகம் வாடியிருந்தாள், இப்போது சரி. டிடி தமிழ் வருகிறது. நம் பழைய பொதிகைதான், 2024 ஜனவரியில் பெயரை மாற்றினார்கள். பலத்த மழை பெய்தால் படம் நின்றுவிடும், விட்டதும் வந்துவிடும்.

கிரிக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இந்தியா ஆடும் முக்கியமான மேட்ச்களைத் தனியார் சேனல் வாங்கியிருந்தாலும் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007லேயே சட்டம் இருக்கிறது. அதுவும், 2017 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, டிடியில் போடும் அந்த மேட்ச் ஃப்ரீ டிஷ்ஷிலும் தூர்தர்ஷனின் தரைவழி ஆண்டெனாவிலும்தான் வரும். கேபிளில் அதே டிடி சேனலைப் போட்டாலும் வராது. மாதம் காசு கட்டுகிறவனுக்கு இல்லாதது நமக்கு இருக்கிறது. நீ வந்தால் சேர்ந்து பார்க்கலாம்.

பணம் அனுப்பாதே. எங்கள் இருவருக்கும் பென்ஷன் போதும், இப்போது கேபிள் செலவும் போய்விட்டது. போன மாதம் இரண்டு தவணையாக வந்தது. அதற்கு முந்தின மாதம் கேபிள்காரர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். மறந்துவிட்டேன் என்றாய். நீ மறக்கிற பிள்ளை இல்லை. முன்பெல்லாம் பகல் 11 மணிக்குப் போன் செய்தால் மீட்டிங் என்று வெட்டிவிடுவாய். இப்போது முதல் ரிங்கிலேயே எடுக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. ஆனால் தங்கை செல்வியிடம் சொல்ல முடிகிறது, எங்களிடம் முடியவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா? செல்வி வாய் திறக்கவில்லை, அவளைத் திட்டாதே. அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

அவள் படிப்பு முழுவதையும் நீதான் பார்த்தாய். நான் செய்ய வேண்டியதை 23 வயதில் நீ செய்தாய். அப்படிப்பட்டவன் இங்கே வந்து நாலு மாதம் உட்கார்ந்து சாப்பிட்டால் யாருக்கு என்ன? அங்கே அந்த வாடகையை எதற்குக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்? வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

திரும்பவும் சொல்கிறேன், பணம் அனுப்பாதே. 5ஆம் தேதி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டுத் தேதியைச் சொல். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா